கட்டைவிரல் கேளாத ஆசான்

இளையோர் விளையாட்டுப் பயிற்சியாளரைப் பற்றிய ஒரு வரலாற்றுக் கட்டுரை

ஜூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறும், பங்குத்தந்தையரின் வரிசையும், பள்ளிக்கூடம் தோன்றிய கதையும் அதில் இடம்பெறுவது மரபு. அவற்றை எழுதத் தகுதி வாய்ந்த பெரியோர் இம்மலரில் எழுதியிருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்டது கோயிலுக்கு வெளியே உள்ள ஓரிடம். மாலையில் பள்ளி விட்டதும் நம் பிள்ளைகள் கூடுகின்ற விளையாட்டு மைதானமே அது. எலுமிச்சை மண்டியிலிருந்து வீடு திரும்பும் தகப்பன்மார் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவதும் அங்குதான். ஆடிக் காற்றில் புழுதி எழும்பும்போதும் ஆட்டம் நிற்காததும் அங்குதான்.

அந்த மைதானத்தின் நடுவே விசிலும் கையுமாக ஒருவர் நிற்கிறார். அவரைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. கோப்பை வந்தால் துண்டு போர்த்துகிறோம், வராவிட்டால் மறந்துவிடுகிறோம். ஆனால் நம் பிள்ளைகளின் பத்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள மாலைப்பொழுதுகளை அவர் கையிலேயே ஒப்படைத்திருக்கிறோம். பிள்ளை வீட்டில் சொல்லாததை அவரிடம் சொல்லும். நாம் சொன்னால் கேளாததை அவர் சொன்னால் கேட்கும். இத்துணைப் பொறுப்பை ஏற்கும் அம்மனிதர் எப்படிப்பட்டவராய் இருக்க வேண்டும்? இக்கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துரோணர் பெயரில் ஒரு விருது

இந்திய அரசு 1985ஆம் ஆண்டில் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கென ஒரு விருதை ஏற்படுத்தியது. அதற்குத் துரோணாச்சாரியர் விருது என்று பெயர் சூட்டியது. அர்ச்சுனன் பெயரால் வீரர்களுக்கு விருது இருக்கையில், அவனுடைய குருவின் பெயரால் பயிற்சியாளருக்கு விருது அமைவது பொருத்தமே என்று கருதியிருக்கலாம்.

ஆனால் துரோணர் என்றதும் நம் மக்களுக்கு அர்ச்சுனன் மட்டும் நினைவுக்கு வருவதில்லை, ஏகலைவனும் வருகிறான். வேடர் குலத்தில் பிறந்தவன் என்று அவனுக்கு வில்வித்தை கற்பிக்க மறுத்தார் குரு. அவரைப் போல் மண்ணால் உருவம் செய்து, அதன் முன் நின்று தானாகவே கற்றுத் தேர்ந்தான் அச்சிறுவன். அதை அறிந்த குரு, தம் அரச மாணவனுக்கு நிகராக வேறொருவன் இருத்தலாகாது என்று, வலக்கைக் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டார். அவனும் மறுசொல் சொல்லாமல் அறுத்துக் கொடுத்தான்.

இந்தக் கதையைத் திண்ணையில் கேட்டு வளர்ந்த நமக்கு, நல்ல பயிற்சியாளரை அளந்து பார்க்க வேறொரு படிக்கல் தேவையில்லை. சீடன் தன்னையே தர ஆயத்தமாய் இருக்கிறான். அப்படிப்பட்டவனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதை அறிந்தவரே ஆசான். பின்வரும் வரலாறுகளையெல்லாம் இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

டிரில் மாஸ்டர் காலம்

வெள்ளையர் ஆட்சியில் நம் பள்ளிகளுக்கு முதலில் வந்தவர் டிரில் மாஸ்டர். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 'அட்டேன்ஷன்', 'அபவுட் டர்ன்' என்று கட்டளையிட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நடத்துவதே அவருடைய பணி. கையில் பிரம்பு இருக்கும். ஒழுங்கு இருந்தது, விளையாட்டு குறைவாகவே இருந்தது. எந்தப் பிள்ளைக்கு எது வரும் என்று பார்ப்பது அவருடைய வேலையாகக் கருதப்படவில்லை.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். சென்னை ஒய்.எம்.சி.ஏ.வின் பணிக்கு வந்த அவர், 1920இல் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியொன்றை அங்கே தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுவே. ஆசியாவிலேயே இத்தகைய கல்லூரிகளில் மூத்தது என்ற பெருமை அதற்கு உண்டு. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றவரும் அவரே. 1943இல் சென்னையிலேயே அவர் காலமானார்.

பக் செய்த மாற்றம் பெரியது. விளையாட்டுக் கற்பிப்பவரும் ஓர் ஆசிரியர். அவருக்கும் உடலியல் தெரிய வேண்டும், பிள்ளையின் மனம் தெரிய வேண்டும், அதற்கென அவர் படித்துத் தேற வேண்டும் என்ற கருத்து நம் நாட்டில் வேரூன்றியது அதன் பிறகே. டிரில் மாஸ்டர் உடற்பயிற்சி ஆசிரியரானார். நம் பிள்ளைகளின் வாயில் 'பி.டி. வாத்தியார்' ஆனார். 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிலையம் தொடங்கப்பட்டதும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே பயின்ற பயிற்சியாளர்கள் உருவாயினர்.

இதற்கும் முன்பே, திருச்சபைக்குள் மைதானத்தின் மதிப்பை உணர்ந்தவர் ஒருவர் உண்டு. இத்தாலியின் தூரின் நகரில் 1841 முதல் ஏழைச் சிறுவர்களைச் சேர்த்துக் காத்த புனித தொன்போஸ்கோ, அவர்களோடு தாமும் ஓடி விளையாடினார். தவறு நடந்தபின் அடிப்பதைவிட, தவறு நேராதபடி பிள்ளைகளோடு கூடவே இருப்பதே மேல் என்பது அவருடைய வருமுன் காக்கும் முறை. அவருடைய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தபோது அந்த முறையும் நம் மண்ணுக்கு வந்தது. மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் பயிற்சியாளர் அல்லர் என்ற பாடத்தை அவரிடம் கற்கலாம்.

பய்யோலிக் கடற்கரையில்

துரோணாச்சாரியர் விருதை முதன்முதலில், 1985இல், பெற்றவர்களுள் ஒருவர் கேரளத்து ஓ. எம். நம்பியார். இந்திய விமானப் படையில் பணியாற்றியபின் பயிற்சியாளரானவர். கண்ணூரில் பெண் பிள்ளைகளுக்கென அரசு ஏற்படுத்திய விளையாட்டுப் பள்ளியில், 1976ஆம் ஆண்டுவாக்கில், ஒரு மெலிந்த சிறுமி அவர் கண்ணில் பட்டாள். பதக்கப் பட்டியலைப் பார்த்து அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை அவர். அவளுடைய ஒல்லியான உடல்வாகையும், வேகமான நடையையும் கண்டே இவள் ஓட்டத்தில் சிறப்பாள் என்று முடிவு செய்ததாகப் பின்னர் கூறியிருக்கிறார். அச்சிறுமியே பி. டி. உஷா.

ஓடுவதைப் பார்த்து ஓட்டக்காரியைக் கண்டுபிடிப்பது எல்லோராலும் ஆகும். நடப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஆசானின் கண் வேண்டும். விதையைப் பார்க்கும்போதே மரத்தைக் காண்பவன் விவசாயி என்பார்கள்; இதுவும் அத்தகையதே.

பய்யோலிக் கடற்கரை மணலில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி நடந்தது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இறுதிப் போட்டியில் உஷா 55.42 விநாடியில் வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனை 55.41. நூற்றில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் கைநழுவியது.

பயிற்சியாளரின் தரம் தெரிவது இத்தகைய நாளுக்கு அடுத்த நாளில்தான். அன்றைக்கு மாணவியைப் பழித்திருக்கலாம். விதியை நொந்துகொண்டு விலகியிருக்கலாம். நம்பியார் மீண்டும் மணலுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில், உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். தோல்வியை முடிவாகக் கொள்ளாமல், அடுத்த பாடத்தின் முதல் வரியாகக் கொண்டதன் பயன் அது.

நம்பியாருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது 2021இல்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் மறைந்தார். அவர் பெற்ற விருதுகளிலும் மேலானதாக நாம் கருதுவது வேறொன்று. அவருடைய மாணவி 2002இல் தாமே ஒரு தடகளப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூக்கா 2010இல் 800 மீட்டரில் தேசியச் சாதனை படைத்து, 2015இல் ஆசியச் சாம்பியனும் ஆனார். ஒரு ஆசானிடம் கற்றவர் தாமும் ஆசானாக விரும்பினால், அவர் பட்டது துன்பமல்ல, பெற்றது அன்பு என்பது விளங்கும்.

அண்டை ஊர்ச் சான்று

கடற்கரையை விட்டு நம் ஊர்ப் பக்கம் வருவோம். சங்கரன்கோவில், கழுகுமலை வழியே கிழக்கே சென்றால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற அவ்வூருக்கு ஹாக்கியும் ஒரு பெயர். செயற்கைப் புல்தரை வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மண்தரையில் மட்டையோடு ஓடிய பிள்ளைகளின் ஊர் அது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் அணிகள் வந்துள்ளன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் அங்கே அமைந்தது.

2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும் இருந்தனர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் கார்த்தியே. இருவரும் எளிய உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள்.

இவ்விருவர் பெயரும் செய்தித்தாளில் வந்தது. ஆனால் அவர்களுக்கு முன்னே, பல்லாண்டுகளாக அந்த மண்தரையில் அதிகாலையில் கோடு போட்டு, பழைய மட்டைகளுக்குக் கயிறு சுற்றி, பிள்ளைகளை வரவழைத்த முன்னாள் ஆட்டக்காரர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. ஒரு ஊரில் ஒரு விளையாட்டு நிலைபெறுவதற்கு ஒரு தனி வீரர் போதாது. ஒருவர்பின் ஒருவராகத் தொடரும் ஆசான்களின் வரிசை வேண்டும். இன்று விளையாடுபவன் நாளை கற்பிக்க வரவேண்டும். நம் ஊரிலும் ஏன் அவ்வாறு ஆகாது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணப்படாத பிள்ளை

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிக்கு நடந்து செல்கையில் பேருந்து ஏறி, வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அத்தகைய பிள்ளையை மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைத்து, மற்றவர்களின் செருப்பையும் சட்டையையும் காவல் காக்கச் சொல்வதே நம் வழக்கம். அந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அவனிடம் உயரம் தாண்டும் திறமை இருப்பதைக் கண்டு, அதில் இறங்கச் சொன்னார். பதினான்கு வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டே இரண்டாம் இடம் பெற்றான்.

அந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளியும், 2024 பாரிஸ் போட்டியில் வெண்கலமும் பெற்றார். பின்னாளில் பெங்களூரில் கிடைத்த உயர்தரப் பயிற்சிக்கு இதில் பெரும்பங்கு உண்டு. எனினும் முதல் கதவைத் திறந்தவர் ஒரு கிராமத்துப் பள்ளியின் பி.டி. வாத்தியாரே. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கொண்டே பயிற்சியாளரை மதிப்பிடலாம் என்று நாம் நினைக்கிறோம்.

தனித்து விடப்பட்டவர் ஆசானானபோது

நெஞ்சை வருத்தும் ஒரு வரலாறும் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அதன்பின் பால் சோதனை என்ற பெயரால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடலைப் பற்றிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஒரு கிராமத்துப் பெண்ணை உச்சிக்குக் கொண்டுபோன ஏற்பாடுகளுள் எதுவும், அவர் விழுந்த அன்று அவரைத் தாங்கிப் பிடிக்க முன்வரவில்லை. ஓடும்வரை நம் பிள்ளை என்றவர்கள், ஓட்டம் நின்றதும் விலகிக்கொண்டனர்.

அவரோ தமக்குக் கிடைத்த பரிசுத் தொகையைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். வறுமை மிகுந்து, 2012இல் தாமே செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் நிலைக்கு வந்தார். பிறகு பெங்களூரில் முறையாகப் பயிற்சியாளர் படிப்பை முடித்து, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணி பெற்றார். தமக்கு மறுக்கப்பட்டதைப் பிறருக்குத் தர வந்த இவரே ஏகலைவனின் உண்மையான வாரிசு எனலாம். பிள்ளை வெல்லும்போது பக்கத்தில் நிற்பதற்குப் பலர் உண்டு. வீழும்போது நிற்பவரே பயிற்சியாளர் என்பதை அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.

இக்காலத்துக் கட்டைவிரல்கள்

இன்றைக்கு எவரும் கத்தியைக் கொடுத்து விரலை அறு என்று சொல்வதில்லை. ஆயினும் காணிக்கை கேட்கப்படாமல் இல்லை. அவற்றுள் நான்கினை இங்கே குறிப்பிடுவோம்.

முதலாவது உடல். எலும்பு வளரும் பருவத்துப் பிள்ளையை ஒரே விளையாட்டில் நாள்தோறும் பிழிந்தெடுத்தால், பதினெட்டு வயதில் அவன் மூட்டு தேய்ந்துவிடும். ஏறத்தாழ பதினைந்து வயதுவரை பல விளையாட்டுகளிலும் பழக விடுவதும், வாரத்தில் ஓரிரு நாள் முழு ஓய்வு தருவதும் நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. கால் பிசகினால் உடனே எண்ணெய் தேய்த்து இழுத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது வீக்கத்தை மிகுவிக்கும். முதல் நாளில் ஓய்வும், துணி சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமுமே தேவை. வலி தணியாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைக் கோழை என்று ஏசுபவர் விரல் கேட்பவரே.

இரண்டாவது படிப்பு. விளையாட்டால் வேலை பெறுவோர் சிலரே. மார்ச் மாதத் தேர்வு நேரத்திலும் பயிற்சிக்கு வந்தே தீரவேண்டும் என்று வற்புறுத்துபவர், பிள்ளையின் நாளைய சோற்றைத் தம் இன்றைய கோப்பைக்காகக் கேட்கிறார்.

மூன்றாவது மானம். 2018 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று, ஜிம்னாஸ்டிக் அணியின் மருத்துவர் ஒருவர் தங்களுக்குச் சிறுவயதில் இழைத்த கொடுமையைச் சொன்னார்கள். அவர்களுள் சிலர் பல்லாண்டுகளுக்கு முன்பே பெரியவர்களிடம் முறையிட்டும் யாரும் செவிகொடுக்கவில்லை. நம் நாட்டிலும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆகையால் பயிற்சி எப்போதும் திறந்த வெளியில், பிறர் பார்வையில் நடக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் அணியோடு வெளியூர் செல்லும்போது பெண் ஒருவர் உடன் செல்ல வேண்டும். பிள்ளை ஒன்று சொன்னால், ஆசானின் பெயருக்காக அதை மூடி மறைத்தலாகாது. நல்ல பயிற்சியாளர் இவ்விதிகளால் மனம் வருந்தமாட்டார். அவரே முதலில் கேட்பார்.

நான்காவது, ஏகலைவனுக்கு நேர்ந்ததே: பிறப்பு. எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்த்து அணி சேர்ப்பவர், விளையாட்டு தொடங்கும் முன்பே அதைத் தோற்றுவிடுகிறார். சடுகுடுவில் ஒருவன் கையை ஒருவன் பிடிக்கத்தான் வேண்டும். அங்கே தொடக்கூடாதவன் என்று ஒருவன் இல்லை. தென்பாண்டிச் சீமையில் வாழும் நமக்கு இதன் பொருளை விரித்துரைக்கத் தேவையில்லை.

நம் மைதானத்துக்கு

இவ்வரலாறுகளைத் தொகுத்துப் பார்த்தால் நாம் தேடும் மனிதரின் உருவம் ஓரளவு தெளிவாகிறது. அவர் பெரிய வீரராய் இருந்திருக்க வேண்டியதில்லை. கற்பிக்கும் முறையைக் கற்றிருக்க வேண்டும். நன்றாக ஆடும் ஐவரோடு ஓரத்தில் நிற்கும் ஆறாமவனையும் காண வேண்டும். தோற்ற நாளின் மறுநாள் நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள், அவள் வயதுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்த எண்ணினால், வீட்டுக்கே சென்று அமர்ந்து, அவர்கள் அச்சத்தைக் கேட்டு, நம்பிக்கை அளிக்க வேண்டும். தம்மைவிடச் சிறந்த ஆசானிடம் அனுப்பவேண்டிய காலம் வந்தால், பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் தாமே வழியனுப்ப வேண்டும்.

அவரிடம் இவ்வளவு கேட்கும் நாம், அவருக்கு என்ன தருகிறோம்? பலர் ஊதியமின்றி, தம் பிழைப்பை முடித்துவிட்டு மாலையில் வருகின்றனர். பந்து வாங்கவும் வலை கட்டவும் தம் கையிலிருந்தே செலவிடுகின்றனர். ஜூபிலி ஆண்டில் கொடிமரத்துக்கும் மணிக்கூண்டுக்கும் நன்கொடை எழுதும்போது, மைதானத்துக்கும் ஒரு வரி எழுதுவோமாக. குடிநீர்த் தொட்டி, முதலுதவிப் பெட்டி, நிழலுக்கு நான்கு வேப்பங்கன்று, இளைஞர் ஒருவரைப் பயிற்சியாளர் படிப்புக்கு அனுப்பும் உதவித்தொகை: இவை நம் சக்திக்கு மேற்பட்டவை அல்ல.

அவரை மதிப்பிடும்போது கோப்பைகளை எண்ணுவதை மட்டும் விட்டுவிடுவோம். பத்தாண்டுகளுக்கு முன் அவரிடம் விளையாடிய பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். அவர்கள் நலமுடன் இருக்கிறார்களா? படித்தார்களா? தங்கள் பிள்ளைகளை அதே மனிதரிடம் நம்பி அனுப்புகிறார்களா? ஆம் என்று விடை வந்தால், அவர் எந்த விருதையும் பெறாதவராயினும், தம்மிடம் வந்த பிள்ளைகளைப் பத்து விரலும் குறையாமல் திருப்பி அனுப்பிய ஆசான் அவர். அத்தகையோர் நம் மைதானத்தில் பெருகுவார்களாக.